மான் வேட்டையும் மார்க்கச் சட்டமும்

மான் ஹலாலான பிராணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இறைச்சி ஹலாலாவது, அது எவ்விதம் உயிர் விட்டது என்பதைப் பொறுத்தது. நம் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். ஆகவே இங்குள்ளோர் வேட்டைக்குக் கிளம்ப இக்கட்டுரையை ஆதாரமாக்கிக் கொள்ள வேண்டாம். அமெரிக்கா போன்ற நாடுகளில் லைசென்ஸ் பெற்று, குறித்த பருவத்தில் மான் வேட்டையாட அரசே அனுமதிக்கிறது. அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் சிலரும் நண்பர்களுடன் காட்டுக்குப் போகிறார்கள். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அவர்களுக்காகவும், அதைச் சமைக்கும் வீட்டாருக்காகவும் சில மஸ்அலாக்களை எழுதுகிறோம்.

"பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே சுட்டேன், பிறகென்ன?" என்று பலர் எண்ணுகிறார்கள். விஷயம் அவ்வளவு இலேசானதல்ல.

அல்மாயிதா சூராவின் 3ஆம் வசனத்தில், அடிபட்டுச் செத்ததையும் உயரத்திலிருந்து விழுந்து செத்ததையும் அல்லாஹுதஆலா ஹராமாக்கியுள்ளான். உயிரோடு அடைந்து அறுத்தது மட்டும் இதற்கு விலக்கு. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைப் பிரியர். எறிகோலால் வீழ்த்திய பிராணியைப் பற்றி அவர்கள் கேட்டபோது, கூர்முனை பட்டுக் கிழித்தால் உண்ணலாம், கோலின் பக்கவாட்டு பட்டுச் செத்தால் அது அடிபட்டுச் செத்ததே, உண்ணக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. வெட்டும் கூர்மை வேறு, மோதும் வேகம் வேறு என்பது இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல்.

அப்படியானால் துப்பாக்கிக் குண்டு எந்த வகை? நம் அரபி மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபை 16ஆம் நூற்றாண்டில் எழுதிய பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் இதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டார்கள். நெருப்பால் எய்யப்படும் குண்டு சுட்டெரித்து விரைவில் உயிரைப் போக்கிவிடுவதால், அதைக் கொண்டு வேட்டையாடுவதே கூடாது என்பது அவர்களின் தீர்ப்பு. கைதேர்ந்தவர், பெரிய பறவையின் இறக்கையை மட்டும் கிழிக்கும்படி சுட முடியும் என்று அறிந்தால் ஆகலாம் என்ற தம் ஆசிரியரின் கருத்தையும் கூடவே தருகிறார்கள். மானுக்குத்தான் இறக்கை இல்லையே! ஹனஃபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும், ஈயக் குண்டு வெட்டுவதில்லை, சூட்டாலும் கனத்தாலும்தான் கொல்கிறது, எனவே அதனால் செத்தது ஆகாது என்றே எழுதியுள்ளார்கள். யமன் நாட்டு ஷவ்கானீ அவர்களும் பிற்கால மாலிகீ அறிஞர்கள் சிலரும், குண்டு துளைத்து ஊடுருவுகிறது என்ற காரணத்தால் அனுமதித்திருக்கிறார்கள். எனினும் நம்மவர்கள் பின்பற்றும் இரு மத்ஹபுகளிலும், குண்டு பட்டுச் செத்த மான் ஹலாலாகாது என்பதே நிலை.

குண்டு பட்ட மானை உயிரோடு அடைந்து அறுத்தால் ஹலாலாகும். ஆனால் துடிப்பின் கடைசி நொடியில் கத்தி வைத்தால் போதாது. ஷாபிஈ மத்ஹபில், நிலையான உயிர் இருக்கும்போதே மூச்சுக்குழலும் இரைக்குழலும் முழுதாக அறுபட வேண்டும். அறுத்தபின் இரத்தம் பீறிட்டு வருவதும் பலமாக உதறுவதும் அதன் அடையாளங்கள். இதற்காக வேண்டுமென்றே காலில் சுட்டு நொண்டவிட்டுத் துரத்துவதை நாம் சொல்லவில்லை. பிராணிக்கு வேதனையைக் குறைக்கும்படி கட்டளையிட்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

சந்தேகமற்ற வழி வில்லும் அம்பும்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வில் வேட்டைக்கென்றே தனிப் பருவம் உண்டு. கூரிய அலகுள்ள அம்பை எய்யும்போதே பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். ஹனஃபிகளிடம் இது கடமை, மறதி மன்னிக்கப்படும், ஷாபிஈகளிடம் ஸுன்னத். அம்பு கிழித்து, நாம் போய்ச் சேருமுன்பே செத்துவிட்டால் அறுக்காமலே ஹலால். உயிரோடு அடைந்தால் அறுத்தே ஆக வேண்டும்.

இங்கேதான் கத்தி முக்கியமாகிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' கிதாபில், கத்தி கொண்டு போகாததாலோ, கத்தி உறையில் சிக்கிக் கொண்டதாலோ அறுக்குமுன் பிராணி செத்துவிட்டால் அது ஹராம் என்கிறார்கள். பதினான்கு மணி நேரம் குளிரில் காத்திருந்து அடித்த மான் ஓர் உறையால் வீணாகும்! ஆகவே காட்டுக்குள் நுழையுமுன் கத்தியைத் தீட்டி, இரண்டு தரம் உருவிப் பாருங்கள்.

அங்குள்ள வேட்டைக்காரர்கள், அம்பு பட்ட மானை உடனே தொடர்ந்தால் அது வெகுதூரம் ஓடிவிடும், அரைமணி நேரம் பொறுத்திரு என்பார்கள். நமக்கு அது பொருந்தாது. ஓட வேண்டியதில்லை, வழக்கமான நடையில் தொடர்ந்தாலே போதும். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்து, அடைந்து அறுத்திருக்கக் கூடிய மான் செத்தால் உண்ண முடியாது. தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தாலும், எதனால் செத்தது என்று தெரியாததால் விட்டுவிட வேண்டும். இருட்டிவிட்டது என்று திரும்பி, மறுநாள் காலையில் கண்டெடுத்ததையும் விட்டுவிடுவதே பேணுதல். நம் அம்பின் காயம் மட்டுமே இருந்தால் உண்ணலாம் என்று ஹதீஸ் இருந்தாலும், மின்ஹாஜில் அது ஹராம் என்றே வருகிறது. ஹனஃபிகளோ தேடுதலை இடையில் விட்டிருக்கக் கூடாது என்கிறார்கள்.

இனி வீட்டாருக்கு. பொட்டலம் வந்தால், எதனால் அடித்தது, அறுத்தது யார், அறுக்கும்போது உயிர் இருந்ததா என்று கேட்டுவிட்டு அடுப்பை மூட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுட்டுக் கொன்று அன்போடு தரும் இறைச்சியை, காரணத்தைச் சொல்லி இன்முகத்தோடு மறுத்துவிடலாம். தெரியாமல் சமைத்துவிட்டால் சட்டியை உடைக்க வேண்டியதில்லை. அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றிக் கேட்ட அதே ஹதீஸில் பிறர் பாத்திரங்களைப் பற்றியும் கேட்டார்கள். வேறு கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு அதிலேயே உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இறைச்சியைக் கொட்டிவிட்டு, சட்டியை நன்றாகக் கழுவிக் கொள்ளுங்கள்.