இழவு வீட்டில் நகையும் அழுகையும்: மெய்ப்பாட்டியல் நோக்கில் 'ஏலே'

முன்னுரை

சாவு வீடு அழுகைக்கு உரிய களம். அக்களத்தையே நகைச்சுவைக்கு உரியதாக்கிய அண்மைக்காலத் தமிழ்ப் படைப்புகளுள் ஒன்று, ஹலிதா ஷமீம் இயக்கிய 'ஏலே'. திரையரங்கிற்கென உருவான இப்படம், வெளியீடு குறித்துத் திரையரங்க உரிமையாளர்களுடன் உடன்பாடு எட்டாமையால், 2021 பிப்ரவரி 28 அன்று விஜய் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. கொங்கின் தென் எல்லையில் அமைந்த பழனி வட்டாரச் சிற்றூர் இதன் களம். தந்தை முத்துக்குட்டியாகச் சமுத்திரக்கனியும் மகன் பார்த்தியாக மணிகண்டனும் நடித்துள்ளனர். தந்தை இறந்தும் மகனுக்குக் கண்ணீர் வாராமை ஏன் என்னும் வினாவை மெய்ப்பாட்டியல் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் காட்டும் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றால் பிறக்கும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் பிறக்கும். சாவு என்றதும் நினைவுக்கு வரும் இழவு, அழுகையின் நான்கு காரணங்களுள் ஒன்று மட்டுமே. பிறரால் இகழப்பட்டு எளியனாதலாகிய இளிவும், நுகரப் பொருளின்மையாகிய வறுமையும் அதற்கு இணையாக வைக்கப்பட்டுள்ளன. இவ்விளிவு, எட்டனுள் தனி மெய்ப்பாடாக எண்ணப்படும் இளிவரலின் வேறானது.

ஒரு செயல், இரு மெய்ப்பாடுகள்

முத்துக்குட்டி ஐஸ் விற்றுப் பிழைப்பவர்; குடிப்பவர்; சிறு பொய்களாலும் தந்திரங்களாலும் ஊராரை ஏய்ப்பவர். அவர்தம் ஏய்ப்புகள் ஊராருக்கும் காண்போருக்கும் எள்ளல் பற்றிய நகையைத் தருகின்றன. அவையே மகனுக்கு இளிவாகின்றன. ஊர் சிரித்த ஒவ்வொரு பொழுதும் அச்சிரிப்புக்கு உரியவரின் பிள்ளையாக நின்றவன் அவன். இவ்விரு மெய்ப்பாடுகளுக்கும் அடியில் இருப்பது வறுமை. தந்தையின் ஏய்ப்பு இல்லாமையிலிருந்து எழுகிறது. அந்த இல்லாமையே மகனின் இளமையையும் சூழ்ந்திருக்கிறது.

இப்பின்னணியில் பார்த்தியின் வறண்ட கண்களை அன்பின்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது. இளிவாலும் வறுமையாலும் எழவேண்டிய அழுகை அவனுள் நெடுங்காலம் அடக்கப்பட்டிருந்தது. பழைய அழுகை தீராத நிலையில், இழவு பற்றிய புதிய அழுகைக்கு வழி திறக்கவில்லை. துக்க வீட்டிலிருந்து நழுவிச் சென்று பரோட்டா தின்னும் அவன் பசி நகைப்பிற்குரியதாகக் காட்டப்படினும், அது வறுமையின் எச்சமாகவும் கொள்ளத்தக்கது.

சடங்கும் துயரும்

இழவு வீட்டில் அழுகை ஊரார் எதிர்பார்க்கும் கடமை. துயரோ தனிமனித உணர்வு. இரண்டும் ஒத்துப்போகாத இடைவெளியிலேயே இப்படத்தின் நகை பிறக்கிறது. கிடத்தப்பட்ட உடல் காணாமற்போகும் நிகழ்வு இவ்விடைவெளியை மேலும் விரிக்கிறது. அழுதற்குரிய உடலே இல்லாதபோது சடங்கு நிலைகுலைந்து, கூடியிருந்தோர் திகைக்கின்றனர். சாவுக் காட்சிகளில் அழுகையை நீட்டிக் காட்டும் நெடுந்தொடர்களுக்குப் பழகிய வீட்டுத் திரையிலேயே அழாத மகன் முதன்முதலாகத் தோன்றியமை கருதத்தக்கது.

மதுமிதா இயக்கிய 'கேடி என்கிற கருப்புதுரை' (2019) இதனோடு ஒப்பிடத்தக்கது. அதில் தலைக்கூத்தலுக்குக் குடும்பம் முடிவுசெய்ய, முதியவர் வீட்டைவிட்டு வெளியேறுகிறார். அங்கு நகை, சிறுவனொருவனுடன் அவர் கொள்ளும் தோழமையில், உவகையின் நிலைக்களனாகிய விளையாட்டோடு கலந்து வருகிறது. 'ஏலே'யிலோ அது எள்ளலோடும் இளிவோடும் பிணைந்துள்ளது. முன்னதில் குடும்பம் சாவை விரைவுபடுத்துகிறது; பின்னதில் சாவு, பிரிந்த மகனைக் குடும்பத்திற்கு மீட்கிறது.

முடிவுரை

'ஏலே'யில் நகையும் அழுகையும் முரண்பட்டவையல்ல. ஒரே செயல், காண்பவரின் உறவுநிலைக்கேற்ப எள்ளலாகவும் இளிவாகவும் அமைகிறது. ஊரார் சிரித்துக் கடந்ததை மகனால் கடக்க இயலவில்லை. அழுகையை இழவோடு மட்டும் நிறுத்தாத தொல்காப்பியரின் பகுப்பு, அழாதவனின் துயரையும் துயரெனக் காண இடமளிக்கிறது. இழவு வீட்டு நகைச்சுவையை ஆராயுங்கால், யார் சிரிக்கிறார் என்பதோடு அச்சிரிப்பின் சுமையை யார் தாங்குகிறார் என்பதும் நோக்கப்பட வேண்டும்.