பரிசளிக்க ஏற்ற பேனாக்கத்தி

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவுக்குச் சிறிய பேனாக்கத்தி ஒன்றைப் பரிசளிக்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், அக்கரப்பத்தனை

பதில்: உரச்சாக்கின் நூலை அறுக்கவும் பழம் நறுக்கவும் மரக்கறிக் கன்று கட்டிய கயிற்றை வெட்டவும் 6 முதல் 8 சென்ரிமீற்றர் நீள அலகு போதும். கவ்வாத்துக்கு அதற்கென உள்ள கத்தியே வேண்டும்.

அடுத்தது உலோகம். கார்பன் உருக்கு எளிதில் கூர்மையாகும்; ஆனால் அக்கரப்பத்தனையின் மழையிலும் பனிமூட்டத்திலும் விரைவில் துருப்பிடிக்கும். குரோமியம் கலந்த துருப்பிடிக்காத உருக்கே அங்கு ஏற்றது.

மூன்றாவது பூட்டு. விரித்த அலகு தானாக மடங்கினால் விரல் வெட்டுப்படும். பிரான்ஸில் 1890இல் தோன்றிய ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் சுழலும் வளையம் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. சுவிட்சர்லாந்தின் விக்ரோரினொக்ஸ் வகைகளில் கத்தரிக்கோல், தகரம் திறப்பான் போன்றவையும் உண்டு; எனினும் அதன் சிறிய வகைகள் பலவற்றில் பூட்டு இல்லை.

கைப்பிடி ஈரக் கையிலும் வழுக்கக் கூடாது. கத்தியுடன் சிறிய சாணைக்கல் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால் அதுவே கையை வெட்டும் ஆபத்து கூடியது. விமானத்தில் கொண்டுவருவோர் அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது.