1:12 என்றால் எத்தனை பாகை?

காஞ்சிபுரம் வழியே செல்லும் அரக்கோணம்–செங்கல்பட்டு ரயில் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் ரயில்கள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். அதற்காகவே அங்கே ‘லூப் லைன்’ பிரிகிறது. தாமலில் என் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தொடுகோட்டையும் முக்கோணவியலையும் இந்தப் பிரிவை வைத்தே சேர்த்து நடத்துகிறேன்.

ரயில்வேயில் இதை 1:8.5, 1:12, 1:16 என்றுதான் குறிப்பிடுவார்கள். பாகைமானி கிடையாது, நாடா போதும். 12 மீட்டருக்கு 1 மீட்டர் விலகல் என்றால் டேன் மதிப்பு 1/12. கோணம் ஏறத்தாழ 4¾ பாகை.

வளையும் தண்டவாளம் ஒரு நேர்த் தண்டவாளத்தைத் தொட்டபடி தொடங்கி, 1.676 மீட்டர் தள்ளியிருக்கும் மற்றதை வெட்டுகிறது. வளைவின் இரு முனைகளிலும் தொடுகோடு வரையச் சொல்லுங்கள். வெளிப்புள்ளியிலிருந்து வரும் தொடுகோடுகள் சமம். எனவே இருசமபக்க முக்கோணம். புறக்கோணம் 4¾ பாகை என்றால், நாண் நேர்த் தண்டவாளத்துடன் அமைக்கும் கோணம் அதில் பாதி. சிறிய கோணம் என்பதால் அதன் டேன் ஏறத்தாழ 1/24. 1.676-ஐ 24ஆல் பெருக்கினால் வளைவின் நீளம் சுமார் 40.2 மீட்டர், ஆரம் சுமார் 485 மீட்டர். நடைமுறையில் வெட்டும் இடத்தை நேராக வைப்பதால் வளைவு இன்னும் இறுகி, ஆரம் 441 மீட்டர் அளவுக்குக் குறைகிறது.

இதில் வழக்கமான வேக வரம்பு மணிக்கு 30 கி.மீ. 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சுமார் 75 கி.மீ. வேகத்தில் லூப் லைனில் நுழைந்து, அங்கு நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. வேகம் இரண்டரை மடங்கானால் பக்கவாட்டு விசை என்னாகும் என்று கேட்டேன். “இரண்டரை” என்றே பலரும் சொன்னார்கள். வர்க்கத்தில் கூடுவதால் 6.25 மடங்கு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டியதும் வகுப்பு சற்று நேரம் அமைதியானது.

தண்டவாளத்தின் அருகே மாணவர்களை அழைத்துச் செல்லவே வேண்டாம், மைதானம் போதும். கால் பங்கு அளவில் 42 செ.மீ. இடைவெளியில் இரு கோடுகள், 10 மீட்டர் நீளம். 121 மீட்டர் ஆரத்துக்குக் கயிறு சுழற்ற முடியாது. அதனால் நேர்க்கோட்டிலிருந்து விலகலை அளக்கிறோம்: 10 மீட்டரில் 42 செ.மீ., பாதித் தூரத்தில் அதில் கால் பங்கு, அதாவது 10.5 செ.மீ., கால் தூரத்தில் 2.6 செ.மீ. புள்ளிகளைச் சுண்ணாம்பால் இணைத்தால் வளைவு வந்துவிடும். நூலைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கும் வேலையை நெசவு வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறேன்.