வளரும் பிள்ளையின் கால்

ராஜஸ்தானில் ஒரு கிராமம். அங்கே ஒரு கல் உடைக்கும் தொழிலாளி. அவருக்கு ஒரே மகள். அவளுக்கு ஆறு வயதில் லாரி மோதியது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

அப்பா அவளைத் தோளில் சுமந்தார். பள்ளிக்கும் சுமந்து போனார்.

"எத்தனை நாளைக்குச் சுமப்பாய்?" என்று ஊரார் கேட்டார்கள்.

அவர் பதில் சொல்லவில்லை. மகளோடு ஜெய்ப்பூருக்கு ரயில் ஏறினார்.

ஜெய்ப்பூர் கால் 1968இல் உருவானது. டாக்டர் பி.கே. சேத்தியும் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் அதை உருவாக்கினார்கள். சர்மா அதிகம் படித்தவர் அல்ல. கை வேலையில் கெட்டிக்காரர். இதன் பாதம் ரப்பரால் ஆனது. செருப்பு இல்லாமல் நடக்கலாம். சேற்றில் இறங்கலாம். குந்தி உட்காரலாம். பூட்ஸ் போட்டு நடக்கும் செயற்கைக் கால் நம் வயலுக்குச் சரிப்படுமா? 1975இல் ஜெய்ப்பூரில் பகவான் மகாவீர் விக்லாங்க சகாயதா சமிதி தொடங்கியது. அது இந்தக் காலை இலவசமாகத் தருகிறது.

மகளுக்கும் கால் கிடைத்தது. அவள் நடந்தே பள்ளிக்குப் போனாள்.

ஓர் ஆண்டு ஓடியது. மகள் விளையாடப் போவதை நிறுத்தினாள். கேட்டால், "ஒன்றுமில்லை" என்றாள். ஒரு நாள் இரவு, அவள் தூங்கும்போது அப்பா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கால் முனையில் தோல் சிவந்து புண்ணாகி இருந்தது.

"ஏனம்மா சொல்லவில்லை?"

"ஜெய்ப்பூர் போனால் உங்களுக்கு மூன்று நாள் கூலி போகுமே, அப்பா."

அவர் தலை குனிந்தார். கூலி போன கதையை வீட்டில் பலமுறை சொன்னவர் அவர்தான்.

பிள்ளையின் எலும்பு வளரும். செயற்கைக் கால் வளராது. கால் நுழையும் கூடு இறுகும். உயரம் போதாமல் உடம்பு ஒரு பக்கம் சாயும். அதனால் வளரும் பிள்ளைக்குக் காலை அடிக்கடி மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு இத்தனை முறை தேவைப்படாது.

இப்போது தினமும் இரவில் அப்பா மகளின் கால் முனையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார். ஈரம் போகத் துடைக்கிறார். வெளிச்சத்தில் பார்க்கிறார். சிவப்பு மறையாமல் இருந்தால், மறுநாள் செயற்கைக் காலை மாட்ட விடுவதில்லை. அன்று மட்டும் பழையபடி தோள்தான். மகளுக்கு வெட்கம். அவருக்கு இல்லை.

துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத ஊனமுற்றவருக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கும் உண்டு. மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அப்பா அதை வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை ஜெய்ப்பூரில் அளவு எடுத்தார்கள். மகள் இரண்டு விரல் உயரம் வளர்ந்திருந்தாள்.