"எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள்!



மாரமங்கலத்திலும் சேர்வராயன் மலையின் மற்றச் சிற்றூர்களிலும் வாழும் நீங்கள் உழைப்பாளிகள். காப்பிப் பழம் பறிப்பதும், மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறுவதும், சுமையோடு மேடு ஏறுவதும் உங்களுக்குப் பழகிய வேலை. "ஒடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

காலம் மாறிவிட்டது

பாட்டன் பாட்டி காலத்தில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கீரையும் அன்றாட உணவு. இன்று பல வீடுகளில் மூன்று வேளையும் வெள்ளை அரிசிதான். ஊறுகாய், கருவாடு, பாக்கெட் தீனி என்று உப்பும் கூடிவிட்டது. நடந்த தூரத்துக்கெல்லாம் இப்போது வண்டி. போதாக்குறைக்குக் கடன் கவலை, வெளியூர் வேலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு. பட்டணத்து நோய் என்று நாம் நினைத்த இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மலையேறி வந்துவிட்டன.

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தலைவருக்கு, முகாமில் சோதித்தபோது இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிட்டார். மனைவியிடம் சொல்லவேயில்லை. "அவளுக்கு எதுக்கு வீண் கவலை?" என்று எண்ணினார்.

ஒருநாள் விடியற்காலையில் அவருக்கு வாய் கோணியது. வலது கை விழுந்துவிட்டது. வாயு என்று நினைத்து மதியம் வரை எண்ணெய் தேய்த்தார்கள். உயிர் பிழைத்தார், கை திரும்பவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மாத்திரையை எடுத்துக் குடுத்திருப்பேனே" என்று அந்த அம்மா அழுததை நான் மறக்கவில்லை.

இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது கொதிப்பு. பலருக்கு எந்த அறிகுறியும் இராது. ஆகவே உடம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சோதித்தே அறிய வேண்டும். மாத்திரை சாப்பிடுவதால்தான் அழுத்தம் குறைந்திருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். உண்ணவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். இரத்தக் கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதமாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை மறவாதீர்கள். நமக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அம்மா, உங்களுக்கும் ஒரு சொல்

எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை உண்பவர் நீங்கள். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? தலை சுற்றுகிறதா? வேலை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள், இரத்தசோகையாக இருக்கலாம். பெண்களுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை வரக்காப்பியோடு விழுங்க வேண்டாம். காப்பியும் டீயும் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஓரிரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஐயா, வீட்டில் அம்மா சாப்பிட்டாரா என்று நீங்கள் கேளுங்கள்.

மனமும் உடம்புதான்

நோயில்லாமல் இருப்பது மட்டும் நலமாகாது. உடலும் மனமும் சமூக வாழ்வும் சேர்ந்ததே நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 1948-லேயே வகுத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதுவும் சிகிச்சை உள்ள நோயே. சாராயம் அதற்கு மருந்தல்ல. கவலையோடு கடனையும் கூட்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இருவரும் செய்ய வேண்டியவை

1. முப்பது வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையாவது இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள்.

2. ஒருவர் மாத்திரையை மற்றவர் அறிந்திருங்கள்.

3. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

4. ஒரு வேளையாவது சாமையோ கேழ்வரகோ சமையுங்கள்.

5. விளக்கணைக்கும் முன் பத்து நிமிடம், பிள்ளைகள் தூங்கிய பின், மனம்விட்டுப் பேசுங்கள்.

வலியை மறைத்து வைப்பது பலமல்ல. காப்பிச் செடி நிழல் மரத்தின் கீழ்தான் செழிக்கிறது. அதற்காக அதைப் பலவீனமான செடி என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் ஒருவருக்கொருவர் நிழல் மரமாக இருங்கள். இன்றிரவு "உனக்கு ஒடம்புக்கு என்ன?" என்று ஒரு முறை கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.