எறியக்கூடாத கொப்பி

கேள்வி: 2022 பொருளாதார நெருக்கடியின்போது பல்கலைக்கழகத்தில் படித்தேன். அன்றாடச் செலவையும் மனதில் பட்டதையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். இப்போது அம்மா எறியச் சொல்கிறார். வைத்திருப்பதில் பயன் உண்டா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எறியாதீர்கள், தங்கச்சி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். இதை எந்த அறிக்கையிலும் பார்க்கலாம். மகாபொல உதவித்தொகை 5,000 ரூபாவை வைத்து மாதத்தை ஓட்டிய பிள்ளை எதை விட்டு எதை வாங்கினாள் என்பது அறிக்கையில் வராது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. மின்வெட்டில் விளக்கு வைத்துப் படித்த வீடுகளில் அந்தக் காசு எங்கிருந்து வந்தது? எழுதியிருந்தால் அந்தப் பக்கம் பொன். அம்மாவுக்கு அதையே வாசித்துக் காட்டுங்கள்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பில் கப்பல் வரவும் வியாபாரமும் ஊர்ப்பேச்சும் கலந்தே கிடக்கின்றன. வரலாற்றாய்வாளர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். உங்கள் கொப்பியிலும் பாண் விலைக்குப் பக்கத்தில் கோபம் இருந்தால் அப்படியே விடுங்கள். திருத்தி எழுத வேண்டாம். உள்ளே கடைப் பற்றுச்சீட்டுகள் செருகியிருந்தால் இன்றே படமெடுத்து வையுங்கள். அவற்றின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.