மோட்டார் எஞ்சினில் வேலை செய்யாத ஸிலிண்டரைக் கண்டறிதல்

மோட்டார் வண்டி நிற்கையில் குலுங்குவதும், ஒரே தாளமாய்க் கேட்கவேண்டிய ஒலி இடையிடையே அறுபடுவதும், மேட்டில் ஏறுகையில் இழுப்பு குறைவதும் ஸிலிண்டர் ஒன்று வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளங்களாம். மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். மற்ற மூன்றைக்கொண்டு வண்டி ஓடத்தான் செய்கிறதென்று பலர் அப்படியே சந்தைக்கும் கச்சேரிக்கும் ஓட்டி வருகின்றனர். இது பெருந்தவறு. எரியாத பெட்ரோல் ஸிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. ஒரு பிளக்கினால் தீரக்கூடிய குறை, நாளடைவில் பிஸ்டன் ரிங்குகளையே மாற்றும்படி முற்றிவிடும்.

முதலில் ஸிலிண்டர்களின் எண்களை அறிதல் வேண்டும். ஜீப், 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாஸடர் முதலிய வண்டிகளில் ரேடியேட்டருக்கு அருகிலுள்ளதே முதலாவது. அங்கிருந்து பின்னோக்கி 2, 3, 4 என எண்ணுக. எஞ்சின் குறுக்காக அமைந்த வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து எண்ணுவது வழக்கம். சில பிரெஞ்சு வண்டிகளில் இது தலைகீழாகும்.

எண்ணும் வரிசை வேறு, நெருப்புப் பற்றும் வரிசை வேறு என்பதை மறத்தலாகாது. மேற்கூறிய வண்டிகளில் பற்றும் வரிசை 1, 3, 4, 2 ஆகும். கம்பிகளைக் கழற்றிப் பூட்டுவோர் இதை அறியாமல் 1, 2, 3, 4 என மாட்டிவிட்டு, கார்புரேட்டர் வழியே வெடி கேட்டதும் கார்புரேட்டரையே பிரித்துப் போடுவதுண்டு. ஐயமிருப்பின், கியரை நியூட்ரலில் வைத்து, பிளக்குகளைக் கழற்றி, முதல் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றச் செய்க. விரலைத் தள்ளும் அழுத்தம் தோன்றியபின் பிஸ்டன் உச்சிக்கு வருகையில், டிஸ்டிரிபியூட்டரின் ரோட்டர் காட்டும் முனையே முதலாவது ஸிலிண்டருக்குரியது. ரோட்டர் சுற்றும் திசையில் அடுத்தவை 3, 4, 2.

இனிக் குறையுள்ள ஸிலிண்டரைக் காண்போம். எஞ்சின் மெதுவாக ஓடுகையில், ரப்பர்க் கைப்பிடியுள்ள குறட்டினால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுக. வெறுங்கையால் தொடின் அதிர்ச்சி கடுமையாயிருக்கும். எதைக் கழற்றினால் எஞ்சின் தளர்கிறதோ அது நல்லது. எதைக் கழற்றியும் ஒலியில் மாறுதலில்லையோ அதுவே குற்றவாளி.

அதன் பிளக்கைக் கழற்றி நோக்குக. இளம் பழுப்பு நிறம் நன்று. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு, ரிங் அல்லது வால்வுத் தேய்வைக் காட்டும். பெட்ரோலில் நனைந்திருப்பின் பொறி வரவில்லை என்று கொள்ளலாம். புதுப் பிளக் வாங்குமுன் இதனை அடுத்த ஸிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பது உத்தமம். குறையும் உடன் இடம் பெயர்ந்தால் பிளக்கே பழுது. பெயராவிடில் கம்பியையும், டிஸ்டிரிபியூட்டர் மூடியில் விரிசலையும் பார்க்க.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தும் அழுத்தம் குறைவாயிருந்தால், பிளக் துளையில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அழுத்தமானியால் அளக்கவேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்தது, ஏறாவிடில் வால்வு. அடுத்தடுத்த இரண்டிலும் ஒருசேரக் குறைந்திருப்பின் ஹெட் காஸ்கெட் அவற்றினிடையே பிளந்திருக்கலாம்.

மின்னணுப் பற்றவைப்புள்ள புதிய வண்டிகளில் கம்பியைக் கழற்றும் சோதனை கூடாது. காயிலும் புகைபோக்கியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும். கோளாறு காட்டும் கருவியில் பி0301 முதல் பி0304 வரை தோன்றும் எண்ணின் கடைசி இலக்கமே ஸிலிண்டரின் எண்.

டிராக்டர் முதலிய பழைய டீஸல் எஞ்சின்களில் பிளக் கிடையாது. இன்ஜெக்டர்க் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி இதே சோதனையைச் செய்யலாம். பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே புகக்கூடியது. கையை அருகில் கொண்டுசெல்லலாகாது. துளைத்துவிட்டால், காயம் சிறு புள்ளியாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். காமன் ரெயில் அமைப்புள்ள புதிய எஞ்சின்களில் அழுத்தம் பன்மடங்கு ஆதலால், அவற்றின் நட்டைத் தொடவே கூடாது.